மிச்சம் பிடித்த காசு யாருடைய பையிலிருந்து வந்தது?

சிக்கனமும் கஞ்சத்தனமும் ஒன்றல்ல என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவர். ஆனால் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடம் எது என்று கேட்டால் பெரியவர்களும் சற்றுத் தயங்கவே செய்வர். கையில் தாராளமாகக் காசு புரள்பவருக்கு இது வெறும் சொற்பொழிவுக்கான கேள்வி. கடன் பட்டவருக்கோ காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போதே எதிரில் வந்து நிற்கும் கேள்வி. பஸ்ஸா, ரயிலா, நடையா? வழியில் ஒரு தேநீர் குடிக்கலாமா, கூடாதா? ஊருக்குப் போவதா, அடுத்த மாதம் பார்த்துக் கொள்வதா?

வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்றே திருமறை கண்டிக்கிறது (17:27). கையைக் கழுத்தோடு கட்டிக் கொள்வதையும், முழுக்க விரித்துவிட்டுப் பிறகு நிற்கதியாய் உட்கார்வதையும் ஒருங்கே தடுக்கிறது (17:29). இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே ரஹ்மானின் அடியார்களுடைய நிலை என்று சூரா புர்கான் காட்டுகிறது (25:67). இந்த வசனங்களை நாம் ஜும்ஆ மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் நடு நிலை என்பது கயிற்றின் மையத்தில் கட்டிய முடிச்சைப் போல் எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதன்று. கடனில்லாதவருக்கு நடு நிலையாக இருப்பது கடனாளிக்கு விரயமாகிவிடலாம். இங்குதான் கணக்கும் மார்க்கமும் சந்திக்கின்றன.

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். குடும்பத் தலைவர் மண்ணடியில் ஒரு கடையில் கணக்கு எழுதுபவர். சென்னை நகருக்குள் வீடு வாங்க இயலாமல் தாம்பரத்தையும் வண்டலூரையும் தாண்டி ஊரப்பாக்கத்தில் ஒரு சிறு வீடு வாங்கியிருக்கிறார். கடன் 20 லட்சம். வட்டி நூற்றுக்கு 9 வீதம், தவணைக் காலம் 20 ஆண்டு. மாதத் தவணை ஏறக்குறைய 18,000 ரூபாய் வரும். முதல் மாதம் அவர் கட்டும் அந்தப் பதினெட்டாயிரத்தில் 15,000 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது மூவாயிரம் கூட இல்லை. இருபது ஆண்டும் இப்படியே கட்டினால், வாங்கிய 20 லட்சத்துக்கு 43 லட்சத்துக்கு மேல் கொடுத்து முடிப்பார்.

வேலைக்குப் போகும் வழியைப் பார்ப்போம். ஒரு வழிப் பயணமே 35 கிலோமீட்டருக்கு மேல். பைக்கில் போய் வந்தால் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் இருபத்தைந்து வேலை நாளுக்கு 3,750 ரூபாய். அதே தூரத்துக்கு மின்சார ரயிலின் சீசன் டிக்கெட் சில நூறு ரூபாயில் அடங்கிவிடும். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நகரை விட்டுத் தள்ளி வாழும் எளிய மக்களுக்கு அன்று முதல் இன்று வரை அதைப் போன்ற உபகாரி வேறில்லை. பைக்கை விட்டு ரயிலுக்கு மாறினால் மாதம் 3,000 ரூபாய் மிஞ்சும். அந்த மூவாயிரத்தை மாதா மாதம் தவணையோடு மேல்தொகையாகச் சேர்த்துக் கட்டி வந்தால் 20 ஆண்டுக் கடன் 14 ஆண்டில் முடிந்துவிடும். வட்டியில் ஏறத்தாழ 8 லட்சம் குறையும். மாறும் வட்டி விகிதத்தில் தனி மனிதர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2012 ஜூன் மாதத்தில் உத்தரவிட்டது. ஆகவே இந்தச் சேமிப்புக்குக் குறுக்கே நிற்பது நம் சோம்பலைத் தவிர வேறொன்றுமில்லை.

“வட்டிக்கு வீடு வாங்கியதே தவறாயிற்றே, அதற்குள் சிக்கனம் பேச வந்துவிட்டீரே!” என்று சில வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வங்கி வட்டி ரிபாவே என்பதுதான் உலமாப் பெருமக்களில் மிகப் பெரும்பாலோரின் தீர்ப்பு. மேற்கு நாடுகளில் வேறு வழியற்ற முஸ்லிம்கள் குடியிருக்க ஒரு வீட்டை இவ்வகையில் வாங்கலாமென்று ஐரோப்பிய பத்வாக் குழு 1999-ல் கூறியபோது அதை மறுத்தோர் பலர். நம் நாட்டிலோ, வட்டியில்லா வங்கி முறைக்கு இடமளிக்கலாமென 2008-ல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தும், அதை மேற்கொண்டு நடத்துவதில்லை என்ற முடிவு 2017-ல் ரிசர்வ் வங்கியிடமிருந்து வெளிவந்தது. வாங்கலாமா என்பதை அவரவர் தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து கொள்வாராக. இக்கட்டுரை, வாங்கிவிட்டு உள்ளே நிற்பவரைப் பற்றியது. வட்டியிலிருந்து விரைந்து வெளியேறுவது அவருக்கு நல்லது என்பதில் எந்த மத்ஹபிலும் இரண்டு பேச்சு இருக்க முடியாது.

கடனின் பாரத்தை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு பெரிதாகக் கண்டார்கள் என்பதை நாம் அறிவோம். தொழுகையில் கடனை விட்டு அவர்கள் அடிக்கடி பாதுகாவல் தேடியதைக் கண்டு காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்லும்படியும், வாக்களித்தால் மீறும்படியும் ஆகிவிடுகிறான் என்று விளக்கினார்கள். கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தாமே தொழுவிக்க முன்வராது நின்றதும், அக்கடனை அபூகதாதா (ரலி) ஏற்றுக் கொண்ட பிறகே தொழுவித்ததும் ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளன. இப்படிப்பட்ட ஒரு பாரத்தைத் தலையில் வைத்துக் கொண்டிருப்பவர், தேநீருக்கும் தின்பண்டத்துக்கும் கணக்குப் பார்ப்பதை நாம் கேலி செய்யலாகாது. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸில் சோறு கொண்டு போகிறார், பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போகிறார், ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ ஏறாமல் நடக்கிறார். இவையெல்லாம் அவர் தம் உடம்பிலிருந்தும் தம் நாவிலிருந்தும் மிச்சம் பிடிப்பவை. அவருடைய மனைவி சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்கென 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பயணத்தைப் பயன்படுத்தினால் அதிலும் இழிவு ஏதுமில்லை. அரசு எல்லாப் பெண்களுக்கும் கொடுத்த சலுகை அது. சில ஆண்கள் அதைக் கிண்டல் செய்வது நாகரிகமன்று.

ரயில் பயணத்தைப் பற்றிப் பேசும்போது இடையில் ஒன்று. தினமும் இவ்வளவு தூரம் போய் வருகிறோமே, கஸ்ரு செய்யலாமா என்று கேட்போர் உண்டு. கஸ்ருக்குரிய தூரம் ஒரு வழிக்கு ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் என்று நம் உலமாக்கள் கணக்கிட்டுச் சொல்வர். இது அதில் பாதிதான். முழுத் தொழுகையே. மாலை ரயிலில் மக்ரிபு தவறிவிடுமே என்று வருந்துவோர், சீசன் டிக்கெட்டில் இடையில் எந்த ஸ்டேஷனிலும் இறங்கி, தொழுதுவிட்டு, அடுத்த வண்டியில் ஏறலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதற்குத் தனிக் காசு கிடையாது. போவது அரை மணி நேரம்தான்.

இனி நம் கேள்விக்கு வருவோம். மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு காசும் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். சில காசுகள் நம் ஆசையிலிருந்து வருகின்றன. சில காசுகள் பிறர் பையிலிருந்து வருகின்றன. இரண்டும் மாதக் கடைசியில் நோட்டுப் புத்தகத்தில் ஒரே வரியில்தான் எழுதப்படும். பார்ப்பதற்கு வித்தியாசம் தெரியாது.

வெளிப்படையான உதாரணம் டிக்கெட் இல்லாப் பயணம். சிலர் இதையும் ஒரு கணக்காகவே போடுகின்றனர். பரிசோதகர் எப்போதோ ஒரு நாள்தான் வருவார். பிடிபட்டால் கட்டணத்தோடு 250 ரூபாய் அபராதம். ஆகவே டிக்கெட் வாங்குவதை விட வாங்காமலிருப்பது லாபம் என்பர். அளவையில் மோசம் செய்வோரைப் பற்றித் தனி ஒரு சூராவே இறங்கியிருக்கிறது (83). வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்கள் அவர்கள். ரயிலில் முழுத் தூரமும் போய்விட்டுக் கட்டணத்தைக் குறைப்பவர் அந்தத் தராசிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. வட்டியை விட்டு வெளியேறப் பொதுச் சொத்தில் கை வைப்பது, சேற்றைக் கழுவச் சாக்கடையில் இறங்குவது போன்றது. இதைப் பற்றி மேலும் எழுத வேண்டியதில்லை.

எழுத வேண்டியது, வெளிப்படையாகத் தெரியாத உதாரணங்களைப் பற்றித்தான். பக்கத்துத் தெருக்காரர் தினமும் பைக்கில் போகிறார். அவர் பின்னால் உட்கார்ந்து போனால் நமக்குச் சீசன் டிக்கெட்டும் மிச்சம். முதல் நாள் அவராகவே “ஏறுங்க பாய்” என்று அழைத்தார். ஆறு மாதமாகிவிட்டது. ஒரு நாள் “பெட்ரோலுக்கு ஏதாவது வாங்கிக் கொள்ளுங்கள்” என்று சொன்னோம். அவர் “அட, வேண்டாம்” என்றார். அதோடு நம் மனச்சாட்சியும் நிம்மதியாகிவிட்டது!

ஹிஜ்ரி 255-ல் மறைந்த பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிஸ், கஞ்சர்களைப் பற்றி ‘கிதாபுல் புகலா’ என்றொரு முழு நூலே எழுதியிருக்கிறார். அதில் குராஸான் நாட்டார் சிலருடைய கதை வருகிறது. ஒரே வீட்டில் கூடித் தங்கிய அவர்கள் இயன்ற மட்டும் விளக்கில்லாமலே காலம் தள்ளினர். முடியாமற் போகவே எண்ணெய்ச் செலவைப் பங்கிட்டுக் கொண்டனர். ஒருவன் மட்டும் தன் பங்கைத் தர மறுத்துவிட்டான். மற்றவர்கள் என்ன செய்தனர் தெரியுமா? விளக்கு வந்ததும் அவன் கண்களை ஒரு துணியால் கட்டிவிடுவர். எல்லோரும் படுத்து, விளக்கை அணைத்த பிறகே கட்டை அவிழ்ப்பர்.

சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கதையில் யாரிடம் குற்றம் என்று யோசித்தால் சிரிப்பு சற்றுக் குறையும். விளக்கு எரியத்தான் போகிறது. இன்னொருவன் அந்த வெளிச்சத்தைப் பார்ப்பதால் எண்ணெய் ஒரு துளியும் கூடச் செலவாகாது. எனவே அவர்கள் செய்தது வீண் வன்மம். அதே சமயம், வெளிச்சம் எல்லோருக்கும், எண்ணெய் மட்டும் உங்களுக்கு என்று நின்றவனையும் நாம் பாராட்ட முடியாது. பைக்கின் பின் இருக்கையும் இப்படித்தான். ‘அவர் எப்படியும் போகத்தானே போகிறார், நான் ஏறுவதால் அவருக்கென்ன நஷ்டம்?’ என்று வாதிக்கலாம். நஷ்டம் பெட்ரோலில் பெரிதாக இராது. ஆனால் நாம் வரும்வரை தெருமுனையில் அவர் காத்து நிற்கும் ஐந்து நிமிடம், வழியில் தமக்குள்ள சோலியை விட்டு நேரே வருவது, ‘நாளைக்கு நான் வரவில்லை’ என்று சொல்ல அவர் கூசுவது, இவையும் செலவுகளே. அவை அவர் நோட்டில் எழுதப்படுவதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இந்த நுட்பத்தைத் தொட்டிருக்கிறார்கள். ஒருவருடைய வெட்கத்தைப் பயன்படுத்தி அவரிடமிருந்து பெற்றது, அவரிடமிருந்து பறித்ததற்குச் சமம் என்பது அவர்கள் கருத்து. ‘வேண்டாம்’ என்ற சொல்லில் மனப்பூர்வமான ‘வேண்டாம்’ உண்டு. கேட்டுவிட்டாரே என்ற கூச்சத்தில் வந்த ‘வேண்டாம்’ உண்டு. இரண்டாவதைச் சம்மதமாக எடுத்துக் கொள்பவர், தம் கடனை அடுத்தவரின் நாணத்தில் அடைக்கிறார். கேட்காமலே ஒரு நாள் பெட்ரோல் பங்கில் நாமே பணத்தை நீட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அவரும் ஏழை, நாமும் ஏழை என்றால் பாதிப் பாதி. நமக்கு உண்மையிலேயே முடியாத மாதமென்றால் வாய் திறந்து சொல்லி வாங்கிக் கொள்வதில் குறைவில்லை; அது உதவி பெறுவது. சொல்லாமல் பழக்கமாக்கிக் கொள்வதே பிழை.

வீட்டுக்குள் வந்தால் விஷயம் இன்னும் கடினமாகிறது. மேல்தொகையாகக் கட்டும் மூவாயிரத்தில் எத்தனை ரூபாய் அடுப்படியிலிருந்து வந்தது? தம் கணவர் அபூஸுஃப்யான் போதிய செலவு தருவதில்லை, அவர் கஞ்சராக இருக்கிறார் என்று ஹிந்த் (ரலி) அவர்கள் முறையிட்டபோது, தமக்கும் பிள்ளைகளுக்கும் நியாயமாகப் போதுமானதை அவருடைய பொருளிலிருந்து எடுத்துக் கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதி தந்தார்கள். குடும்பச் செலவு கணவனின் தயவு அல்ல, மனைவி மக்களின் உரிமை என்பதற்கு இதை விடத் தெளிவான ஆதாரம் வேண்டுமா? பாலைப் பாதியாக்கி, பிள்ளையின் கண்ணாடியை மாற்றாமல் தள்ளிப்போட்டு, மனைவியின் பல்வலிக்கு வைத்தியம் பார்க்காமல் முன்கூட்டிக் கட்டும் தொகை கணவனுடைய சிக்கனம் ஆகாது. அது வீட்டாரிடம் அவர் வாங்கிய இன்னொரு கடன். அதற்குப் பாஸ் புத்தகம் கிடையாது என்பதுதான் வேற்றுமை.

மனைவியின் நகையும் அவ்வாறே. மஹராக வந்ததும், தாய் வீட்டில் போட்டதும் அவருடைய சொத்து. மனமுவந்து கொடுத்தால் அனுபவிக்கலாமென்று மஹர் விஷயத்தில் இறைவன் கூறுகிறான் (4:4). மனமுவந்து என்பதை மீண்டும் படிக்க வேண்டும். “நம்ம வீடுதானே!” என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டிருந்தபின் கழற்றிக் கொடுக்கப்பட்ட வளையல் அதில் சேருமா என்பது எனக்குச் சந்தேகமே. இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, இத்தனை மாதம் இன்னின்னதைக் குறைப்போம் என்று பேசி முடிவு செய்தால் அதுவே அழகு. அதே அல்ஜாஹிஸின் நூலில், பஸராவின் பள்ளிவாசலில் கூடிச் சேமிப்பு வழிகளைப் பேசிக் கொண்டிருந்த ஒரு கூட்டத்தார் மர்யம் என்ற பெண்மணியைப் புகழ்கிறார்கள். மகள் பிறந்த நாள் தொட்டு ஒவ்வொரு நாளும் மாவு பிசையும்போது ஒரு பிடி மாவை எடுத்து வைத்து, அதை விற்றுச் சேர்த்தே அவளுக்குச் சீர் செய்தாராம். மதரஸாவுக்காகப் பிடி அரிசி எடுத்து வைக்கும் நம் பெண்களுக்கு இது புதிதன்று. அந்தப் பிடி எடுக்கும் கை அடுப்படியில் நிற்பவருடைய கையாக இருந்தது. இல்லத்தில் எதைக் குறைத்தால் யார் வயிறு காயும் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

ஜகாத்தைப் பற்றியும் ஒரு சொல். ‘எனக்கு இருபது லட்சம் கடன் இருக்கிறது, ஆகவே என் மீது ஜகாத் இல்லை’ என்று முழுக் கடனையும் குறுக்கே நிறுத்துவோர் பெருகி வருகின்றனர். கடன் ஜகாத்தைத் தடுக்காது என்பது ஷாபிஈ மத்ஹபில் வலுவான சொல். கடனைக் கழிக்க இடமளிக்கும் ஹனபி மத்ஹபிலும், நீண்ட காலத் தவணைக் கடன் முழுவதையும் கழிக்காமல் அண்மையில் கொடுக்க வேண்டிய தவணையை மட்டும் கழிக்க வேண்டும் என்றே இக்காலத்து முப்திகள் பலர் கூறுகின்றனர். உபரியான தான தருமத்தைக் கடனாளி குறைத்துக் கொள்ளலாம். கட்ட வேண்டிய தவணையைத் தின்னும் அளவுக்குத் தருமம் செய்யக் கூடாது என்றுகூடச் சட்ட நூல்கள் சொல்கின்றன. கடமையான ஜகாத் அப்படியல்ல. அதை நிறுத்தி மேல்தொகை கட்டினால், வந்த பணம் ஏழையின் பையிலிருந்து வந்தது.

தவணையும் மேல்தொகையும் ஒன்றல்ல என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். தவணை நாம் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்கு. கொடுக்க வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே அந்தப் பதினெட்டாயிரத்துக்காக வீடு முழுவதும் நெருக்கத்தைத் தாங்குவதில் தவறில்லை. மேல்தொகை நம் அவசரம். வட்டியை விட்டு ஓடும் அவசரம் என்பதால் அது நல்ல அவசரம். ஆயினும் அவசரப்படுபவர் நாம். ஆதலால் அதன் சுமை முதலில் நம் தோளிலும், பிறகு மனமுவந்து தோள் கொடுப்போர் மீதும்தான் ஏற வேண்டும்.

வீண் விரயத்தைத் தடுக்கும் அந்த வசனத்தை எடுத்து இன்னொரு முறை ஓதிப் பாருங்கள். விரயம் பற்றிய தடை அதில் முதலில் வரவில்லை. உறவினருக்கு அவர்தம் உரிமையைக் கொடுக்குமாறு முதலில் வருகிறது. பிறகு ஏழை, வழிப்போக்கர். அதன் பின்னரே விரயம் (17:26). நம்மில் பலர் கடன் வந்ததும் முதலில் வெட்டுவது ஊர்ப் பயணத்தைத்தான். சென்னையிலிருந்து இராமநாதபுரம் வரை ரயில், அங்கிருந்து கீழக்கரைக்குப் பஸ், பிள்ளைகளோடு நாலு பேர் போய் வந்தால் கையிலுள்ளது கரைந்துவிடும் என்று இரண்டு பெருநாளைத் தள்ளிப் போடுகிறோம். போனில் சொன்னால், “செலவாகுமே வாப்பா, இப்ப வர வேண்டாம்” என்றுதான் உம்மாவும் சொல்வார்கள். இந்த ‘வேண்டாம்’ எந்த வகை ‘வேண்டாம்’ என்பதைக் கேட்பவரே அறிவார். ஏ.சி. பெட்டியை விட்டுச் சாதாரணப் படுக்கையில் போகலாம். எல்லோரும் போக முடியாவிட்டால் ஒருவர் மட்டும் போகலாம். அதற்கும் வழியில்லையென்றால் ஒரு மாதத்து மேல்தொகையைக் கட்டாமல் நிறுத்தி, அந்த மூவாயிரத்தில் டிக்கெட் எடுக்கலாம். பதினான்கு ஆண்டுக் கணக்கில் அதனால் கடன் முடியும் நாள் தள்ளிப் போவது, அதிகம் போனால் பதினைந்து நாள்.